ஒளிராத இடத்திலும் இருக்கலாம்: செல்சுவர் ஹெமிசெல்லுலோஸை ஆன்டிபாடி கொண்டு தேடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிஷியஸில் ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியோடு காலம் தள்ளுகிறேன். ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் பிடிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. அதை ஒளிரும் சாயத்தின் உதவியோடு பார்த்து, செடியின் செல்சுவரில் ஹெமிசெல்லுலோஸ் எங்கே இருக்கிறது என்று தேடுவது என் வேலை. ஆய்வறிக்கை எழுதும் பிள்ளைகள், பள்ளியில் உயிரியல் நடத்தும் தோழிகள், வடக்கே கரும்பு போட்டிருக்கும் பெரியப்பா என்று ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே வருவதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

ஹெமிசெல்லுலோஸ் என்றால் பாதி செல்லுலோஸா?

பெயர் அப்படித்தான் ஏமாற்றும். செல்சுவரில் செல்லுலோஸைவிட எளிதில் உடைந்து கரையும் சர்க்கரைப் பகுதிக்கு 1891இல் ஷூல்ட்ஸே என்ற வேதியியலாளர் வைத்த பெயர் அது. ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிறது.

செல்லுலோஸ் குளுக்கோஸ் மட்டுமே கோத்த நேரான சங்கிலி. பல சங்கிலிகள் நெருக்கி அடுக்கி இழையாகிவிடும். ஹெமிசெல்லுலோஸ் ஒரே பொருளல்ல, ஒரு குடும்பம். நடுத்தண்டில் குளுக்கோஸோ, ஸைலோஸோ, மேனோஸோ இருக்கும். பக்கத்தில் வேறு சர்க்கரைகள் கிளைவிடும். அந்தக் கிளைகள் இருப்பதால் செல்லுலோஸைப்போல இறுகி அடுக்கிக்கொள்ளாது.

நம் அடுக்களையிலேயே குடும்பம் முழுக்க இருக்கிறது. புளியங்கொட்டைக்குள் சேமித்திருப்பது ஸைலோகுளுகன். வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழவென்று வருவது கேலக்டோமேனன். முற்றின தேங்காயின் செல்சுவர்களில் மேனன். கரும்புச் சக்கையில் அரபினோஸைலன். முருங்கைக்காயை மென்று துப்புகிறோமே, அந்த நாரில், சுவரை மரம்போல இறுக்கும் லிக்னினோடு பின்னிக் கிடப்பது இன்னொரு வகை ஸைலன். (முருங்கைக்கீரையை இங்கே கிரியோலில் ‘ப்ரெட் முரூம்’ என்பார்கள். சந்தையில் அதைக் கேட்கும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது.)

பொதுவாக, இருவித்திலைச் செடிகளின் முதல்நிலைச் சுவரில் ஸைலோகுளுகன் 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். கரும்பு, மூங்கில், நெல் போன்ற புல் குடும்பத்தில் அது சில சதவீதம்தான். அங்கே அரபினோஸைலன் வகைதான் 20 முதல் 40 சதவீதம் வரை இருந்து ஆட்சி செய்கிறது. கரும்பில் வேலை செய்பவர்கள் இதை மறக்கக்கூடாது. ஏன் என்று பின்னால் தெரியும்.

சர்க்கரையை அளக்க வேறு வழிகள் இருக்கும்போது ஆன்டிபாடி எதற்கு?

அளக்கலாம், தாராளமாக. சக்கையைப் பொடித்து, 72 சதவீத கந்தக அமிலத்தில் ஆரம்பித்து உடைத்து, எந்தச் சர்க்கரை எவ்வளவு என்று கருவி சொல்லிவிடும். ஆனால் அது கல்யாண வீட்டில் எச்சில் இலையை எண்ணுவது மாதிரி. ஏழு கறி விருந்தில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரியும். யார் எந்தப் பந்தியில், யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று இலை சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸைலோஸ் என்ற சர்க்கரை ஸைலனிலும் இருக்கிறது, ஸைலோகுளுகனிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் உடைத்துவிட்ட பிறகு குழாயில் கிடக்கும் ஸைலோஸ் எங்கிருந்து வந்தது என்று சொல்ல, பிணைப்பு ஆய்வு என்று இன்னொரு சுற்றுப் போக வேண்டும். ஆன்டிபாடி சங்கிலியை உடைக்காமல், செடியின் வெட்டுத்துண்டிலேயே, அந்த அந்த செல்லின் சுவரில் போய் உட்காருகிறது. இடம் தெரிய வேண்டுமென்றால் அதுதான் வழி.

செடியின் சர்க்கரையைப் பிடிக்கும் ஆன்டிபாடி எங்கே கிடைக்கிறது? செடியிலிருந்தா?

எலியிலிருந்து. செடிக்கு ஆன்டிபாடி கிடையாது.

பல்சர்க்கரையை, அதாவது பல சர்க்கரைகள் கோத்த சங்கிலியை, அப்படியே ஊசி போட்டால் எலியின் உடல் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது. அதனால் சர்க்கரையின் ஒரு சின்னத் துண்டை எடுத்து, மாட்டு ஆல்புமின் போன்ற ஒரு புரதத்தில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். அப்புறம் எலியின் மண்ணீரல் செல்களைப் புற்று செல்களோடு இணைத்து, ஒரே வகை ஆன்டிபாடியை ஓயாமல் சுரக்கும் செல் வரிசையை எடுக்கிறார்கள். கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் காட்டிய ஹைப்ரிடோமா முறை இது. 1984இல் நோபல் பரிசு கிடைத்தது.

செடிச் சுவர் ஆன்டிபாடிகளுக்குப் பெரிய இருப்பிடங்கள் இரண்டு. ஒன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் நாக்ஸ் குழு உருவாக்கியவை: எல்எம் என்று தொடங்கும். அதாவது லீட்ஸ் மோனோகுளோனல். இன்னொன்று அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கூட்டுச்சர்க்கரை ஆய்வு மையம்: சிசிஆர்சி என்று தொடங்கும். 2010இல் ஒரே கட்டுரையில் 130 புதிய ஆன்டிபாடிகளை அவர்கள் வெளியிட்டார்கள். எல்எம் வரிசையில் நாம் வாங்குபவை பெரும்பாலும் பெரிய எலியில், அதாவது ரேட்டில் உருவானவை. சிசிஆர்சி வரிசை பெரும்பாலும் சுண்டெலியில். தமிழில் இரண்டும் எலிதான். ஆனால் முதல் ஆன்டிபாடியின் மேல் ஒட்டி ஒளிரும் சாயத்தைக் கொண்டுவரும் இரண்டாம் ஆன்டிபாடியை வாங்கும்போது இந்த வித்தியாசத்தை மறந்து, சுண்டெலிக்கு உரியதை ரேட் ஆன்டிபாடியின் மேல் ஊற்றிவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

எதற்கு எது? ஒரு பட்டியல் கொடுங்களேன்.

முழுப் பட்டியல் விற்பவர்களிடமே இருக்கிறது. எனக்குப் பழக்கமானதை மட்டும் சொல்கிறேன்.

ஸைலனுக்கு எல்எம்10, எல்எம்11. இரண்டும் 2005இல் வந்தவை. கிளை இல்லாத அல்லது குறைவான ஸைலனைத்தான் எல்எம்10 பிடிக்கும். எல்எம்11 கிளையுள்ள அரபினோஸைலனையும் ஏற்றுக்கொள்ளும். அதனால் கரும்பில் முதலில் எல்எம்11 போடுங்கள். எல்எம்10 மட்டும் போட்டுவிட்டு ‘கரும்பின் மென்செல்களில் ஸைலன் குறைவு’ என்று எழுதிய ஆய்வறிக்கை ஒன்றைத் திருத்தியிருக்கிறேன். குறைவாக இருந்தது ஸைலன் அல்ல, அந்த ஆன்டிபாடிக்குப் பிடித்த வடிவம்.

ஸைலோகுளுகனுக்கு எல்எம்15, எல்எம்25. இதில் எல்எம்15 நமக்கு ஒருவகையில் உறவு. புளியங்கொட்டை ஸைலோகுளுகனிலிருந்து எடுத்த ஏழு சர்க்கரைத் துண்டைப் புரதத்தில் ஒட்டித்தான் அதை உருவாக்கினார்கள். நாம் குழம்புக்குக் கரைத்துவிட்டு வீசும் கொட்டை.

ஸைலோகுளுகனுக்கு சிசிஆர்சி-எம்1 என்பதையும் சொல்வார்கள். அது பிடிப்பது சங்கிலியை அல்ல, கிளையின் நுனியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை கேலக்டோஸில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு மூலையை. புளியங்கொட்டை ஸைலோகுளுகனில் ஃபியூகோஸே கிடையாது. ஆகவே கொட்டை நிறைய ஸைலோகுளுகன் இருந்தும் எம்1 அதைத் தொடாது. மறுபக்கம், சில செடிகளில் பெக்டின் என்ற வேறொரு செல்சுவர்ப் பல்சர்க்கரையிலும் அதே மூலை உண்டு, அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபாடி பிடிக்கும் அந்தச் சின்ன வடிவத்துக்கு எபிடோப் என்று பெயர். நாம் பார்ப்பது எப்போதும் எபிடோப்பைத்தான், பல்சர்க்கரையை ஊகிக்கிறோம்.

மேனனுக்கு எல்எம்21.

செய்முறை எப்படி? படிப்படியாக வேண்டாம், நடப்பதைச் சொல்லுங்கள்.

இளங்கரும்பின் ஒரு கணுவிடைப் பகுதியிலிருந்து தீப்பெட்டிக் குச்சி நீளத்துக்கு ஒரு துண்டு. 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் ஒரு இரவு குளிரில் வைக்கிறேன். (புகைக் கூண்டுக்குள் செய்யுங்கள், மூக்கு எரியும், எரிவதோடும் போகாது.) மறுநாள் கழுவி, புது சவரப் பிளேடால் குறுக்கே சீவுகிறேன். பத்து சீவினால் ஒன்று தேறும். கை தேறாதவர்கள் வைப்ரடோம் என்ற வெட்டும் கருவியில் 50 முதல் 100 மைக்ரான் வரை வெட்டலாம். ரெசினில் பதித்து 1 மைக்ரானில் வெட்டினால் படம் அழகாக வரும், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும்.

வெட்டின வளையத்தை ஒரு சொட்டு பால் கரைசலில் அரை மணி ஊறவிட வேண்டும். பால் என்றால் பால்தான்: கடையில் வாங்கிய கொழுப்பு நீக்கிய பால் பவுடர், உப்புத் தாங்கல் கரைசலில் 3 முதல் 5 சதவீதம். ஆன்டிபாடி ஒரு புரதம், எதிலும் ஒட்டும் குணம் அதற்கு உண்டு. ஒட்டக்கூடிய இடத்தையெல்லாம் பால் புரதம் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அப்புறம் முதல் ஆன்டிபாடி, 5 முதல் 20 மடங்கு நீர்த்தது, ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம். மூன்று கழுவல். பச்சையாக ஒளிரும் சாயம் ஒட்டிய இரண்டாம் ஆன்டிபாடி, 100 மடங்கு நீர்த்தது, இருட்டில் ஒரு மணி நேரம். மறுபடி மூன்று கழுவல். கடைசியாக ஐந்து நிமிடம் கால்கோஃப்ளோர் சாயம். அது செல்சுவர் எல்லாவற்றையும் நீலமாகக் காட்டும், எங்கே நிற்கிறோம் என்று தெரிய.

சொட்டு காய்ந்துவிடக்கூடாது. நான் மூடியிருக்கும் டிபன் டப்பாவுக்குள் நனைத்த காகிதத்தை விரித்து அதன்மேல் கண்ணாடித் தகட்டை வைக்கிறேன். இங்கே கூர்பிப் ஊரின் மழைக்காலத்தில் டப்பாவே தேவையில்லை என்று ஒரு தோழி சொல்வாள். அந்த ஈரத்தில் நுண்ணோக்கி லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கும் என்பதால் நான் சிரிப்பதில்லை.

எல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. அப்படியானால் ஸைலன் இருக்கிறது, சரிதானே?

இருக்கலாம். கட்டுப்பாட்டுத் துண்டைக் காட்டுங்கள்.

என் முதல் கரும்பு வெட்டில் சாற்றுக்குழாய்க் கற்றைகள் ஒவ்வொன்றும் தீபாவளி மாதிரி ஜொலித்தன. பெரிய நாளங்கள் இரண்டும் கண்போல, சுற்றிலும் நார் உறை, எல்லாம் பச்சை. படம் எடுத்து மூத்த ஆய்வாளரிடம் ஓடினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. “முதல் ஆன்டிபாடி போடாத துண்டு எங்கேம்மா?” என்றார். அதை நான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்காமலே ஓரமாக ஒதுக்கியிருந்தேன். போய் வைத்தால், அதுவும் ஜொலித்தது.

லிக்னினுக்கும், புல் குடும்பத்துச் சுவரில் அரபினோஸைலனோடு ஒட்டியிருக்கும் ஃபெரூலிக் அமிலத்துக்கும் தானாகவே ஒளிரும் குணம் உண்டு. புற ஊதா ஒளியில் ஃபெரூலிக் அமிலம் நீலமாகத் தெரியும். அம்மோனியா காட்டினால் பச்சைக்கு மாறும். கரும்பில் இரண்டும் தாராளம்.

அதனால் மூன்று பழக்கம் வந்தது. முதலில் கட்டுப்பாட்டுத் துண்டைப் பார்ப்பது. அது இருட்டாகும் அளவுக்கு ஒளிப்பதிவு நேரத்தைக் குறைத்து, அதே நேரத்தை மாற்றாமல் மற்றத் துண்டுகளைப் படம் எடுப்பது. தானொளிர்வு மிகுந்தால் டோலுயிடின் நீலத்தில் கொஞ்சம் தோய்த்து அதை அடக்குவது, இல்லையென்றால் பச்சைச் சாயத்தை விட்டுவிட்டுச் சிவப்புச் சாயத்துக்கு மாறுவது. கணினியில் பிரகாசத்தைத் தனித்தனியாக ஏற்றி ஒப்பிடும் படங்களை நான் நம்புவதில்லை. வெளியான கட்டுரைகளிலும்தான்.

ஒன்றுமே ஒளிரவில்லை. அப்படியானால் அங்கே அது இல்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

இருட்டுக்கு நான்கைந்து காரணம் உண்டு. பொருள் இல்லாமல் இருக்கலாம், அது ஒன்று. கரும்பில் ஸைலோகுளுகன் மாதிரி, கொஞ்சமாக இருக்கலாம். இரண்டாம் ஆன்டிபாடி தப்பாக இருக்கலாம், என் கதைதான். சங்கிலியில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்ற சிறு வேதிக் குழுக்கள் எபிடோப்பை மூடியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொரு பல்சர்க்கரை முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருக்கலாம். தேர்க்கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவரைத்தான் படம் பிடிக்க முடியும்.

2008இல் லீட்ஸ் குழு இதைத் தெளிவாகக் காட்டியது. புகையிலைத் தண்டின் நடுமென்செல்களில் எல்எம்15 போட்டார்கள், பெரும்பாலும் இருட்டு. அப்புறம் பெக்டினைத் தின்னும் பெக்டேட் லயேஸ் நொதியை விட்டு, திரும்ப எல்எம்15 போட்டார்கள். சுவர் முழுக்க ஒளிர்ந்தது. ஸைலோகுளுகன் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. பெக்டின் போர்வை போர்த்தியிருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஸைலனிலும் மேனனிலும் இதே போன்ற மறைப்பு இருப்பதைக் காட்டினார்கள்.

நமக்கு இன்னும் கிட்டத்தில் உள்ள சான்று மிஸ்காந்தஸ். கரும்பின் நெருங்கிய உறவுப் புல். 2013இல் வெளியான ஆய்வில், அதன் தண்டில் ஸைலனை நொதி கொண்டு நீக்கியதும் ஸைலோகுளுகன் பல இடங்களில் எட்டிப் பார்த்தது. புகையிலையில் பெக்டின் மறைத்தது, புல்லில் ஸைலன் மறைக்கிறது. எந்த நொதியை எடுப்பது என்பது எந்தச் செடி என்பதைப் பொறுத்தது. புகையிலைக்கான செய்முறையைக் கரும்புக்கு அப்படியே எழுதிக்கொள்ளும் பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

அளவும் ஒரு தடை. செல்சுவரின் இடுக்குகள் சில நானோமீட்டர்தான். ஆன்டிபாடியோ பத்து நானோமீட்டருக்கும் மேல். எல்எம்11 ஐஜிஎம் வகை, ஐந்து ஆன்டிபாடிகள் கோத்த பூதம். அது சுவருக்குள் நுழையாது, வெட்டின முகத்தில் தெரிவதை மட்டும் தொடும்.

அசிட்டைல் மூடியிருந்தால் நீர்த்த காரத்தில், 0.1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடில் சிறிது நேரம் வைத்தால் போதும், உதிர்ந்துவிடும். ஒரு துண்டைக் காரத்தில், ஒரு துண்டை நொதியில், ஒரு துண்டை நொதி இல்லாத அதே தாங்கல் கரைசலில் என்று மூன்றாக வைத்துப் பாருங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பெக்டேட் லயேஸ் வேலை செய்யும் பிஹெச் 10 கரைசலே தன் பங்குக்குச் சிலவற்றைக் கழற்றிவிடும். அதை நொதியின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

ஒளிர்வது உண்மையில் ஸைலன்தான் என்று எப்படி நிரூபிப்பது?

ஸைலனை உடைக்கும் ஸைலனேஸ் நொதியை விட்டுப் பாருங்கள், அணைய வேண்டும். அல்லது ஆன்டிபாடியை முன்கூட்டியே கரைந்த ஸைலனோடு கலந்துவிட்டு அப்புறம் போடுங்கள்; அதன் கை ஏற்கனவே நிறைந்திருப்பதால் சுவரில் ஒட்டாது.

எவ்வளவு இருக்கிறது என்று ஆன்டிபாடி சொல்லுமா?

படத்திலிருந்து சொல்லாது. இரண்டு மடங்கு பிரகாசம் இரண்டு மடங்கு ஸைலன் அல்ல.

எலைசா என்ற தட்டுச் சோதனை செய்தால் ஒப்பிடலாம். காய்ந்த சுவர்ப் பொடியை ஆக்ஸலேட், கார்பனேட், 1 மோலார் காரம், 4 மோலார் காரம் என்று படிப்படியாகக் கடுமையான கரைசல்களில் அலசி, ஒவ்வொரு சாற்றையும் தட்டில் பூசி, ஆன்டிபாடிகளின் வரிசையையே அதன்மேல் ஓட்டுவது ஜார்ஜியாக்காரர்களின் முறை. எந்தப் பல்சர்க்கரை எவ்வளவு இறுக்கமாகச் சுவரைப் பிடித்திருக்கிறது என்று இதில் தெரியும். ஆனால் காரம் பட்டதும் அசிட்டைலும் ஃபெரூலிக் அமிலமும் போய்விடும். அவற்றைத் தேடுபவருக்கு இந்த வழி உதவாது.

கரும்புக்காரருக்கு இதனால் என்ன லாபம்?

பெரியப்பாவின் கேள்வி. “சக்கையைத்தான் ஆலையிலேயே எரித்துக் கரண்ட் எடுக்கிறார்களே, அதில் நீ என்னம்மா தேடுகிறாய்?”

உண்மைதான், இங்கே சக்கை வீணாவதில்லை. எரிப்பதற்கு ஸைலன் எங்கே இருந்தால் என்ன. ஆனால் அதே சக்கையை நொதியால் உடைத்துச் சர்க்கரையாக்கி எரிசாராயம் எடுக்க வேண்டுமென்றால் கதை வேறு. சக்கையில் ஏறக்குறைய கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ். ஆன்டிபாடிக்கு வழிவிடாத சுவர் பெரும்பாலும் நொதிக்கும் வழிவிடாது, ஏனென்றால் நொதியும் ஒரு புரதம்தான், அதுவும் அதே இடுக்கில்தான் நுழைய வேண்டும். எந்தச் செல் வகையில், எந்த முன்பதப்படுத்தலுக்குப் பிறகு கதவு திறக்கிறது என்று படத்தில் பார்த்துவிடலாம். பெரியப்பா கேட்டுவிட்டு, “டன்னுக்கு எவ்வளவு கூடும்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பள்ளியில் ஆன்டிபாடி வாங்கப் பணம் இல்லை. மாணவர்களுக்கு எதைக் காட்டலாம்?

புளியங்கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி, உள்பருப்பைப் பொடித்து வெந்நீரில் கரைத்து, அயோடின் விடுங்கள். நீலம் தட்டும். மாணவர்கள் ‘மாவுச்சத்து’ என்பார்கள். அந்த நீலத்துக்குக் காரணம் மாவுச்சத்தல்ல, ஸைலோகுளுகன். இந்த நிறத்தால் ஏமாந்துதான் 19ஆம் நூற்றாண்டில் அதற்கு அமிலாய்டு, அதாவது மாவுபோன்றது, என்று பெயரே வைத்தார்கள். பக்கத்தில் சோற்றுக் கஞ்சியையும் வைத்துக் காட்டினால் ஒரு வகுப்பு நேரம் போவதே தெரியாது.

புயலில் மின்சாரம் போய் உறைபெட்டி உருகிவிட்டது. ஆன்டிபாடியை எறிந்துவிடவா?

மூன்றாம் எண் எச்சரிக்கை வந்துவிட்டால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். திரும்பி வரும்போது இந்தக் கேள்வி ஆண்டுக்கு ஒருமுறையாவது வரும். ஒருமுறை உருகினால் பெரும்பாலும் சாகாது. திரும்பத் திரும்ப உறைந்து உருகுவதுதான் கெடுதல், ஐஜிஎம் வகைக்கு இன்னும் கெடுதல். வாங்கிய அன்றே சிறு சிறு குழாய்களில் பிரித்து வைத்திருந்தால் இந்தக் கவலை பாதி குறையும்.

எறிவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். நைட்ரோசெல்லுலோஸ் தாளில் புளியங்கொட்டைக் கரைசலை ஒரு புள்ளி வைத்துக் காயவிட்டு, பாலில் ஊறவைத்து, எல்எம்15 போட்டு, நிறம் தரும் இரண்டாம் ஆன்டிபாடி போடுங்கள். இங்கே மறைக்கப் பெக்டின் இல்லை, ஸைலன் இல்லை, ஸைலோகுளுகன் இருப்பது உறுதி. பக்கத்திலேயே உருகாத ஒரு பழைய குழாயையும் ஓட்டுங்கள். அதில் புள்ளி தெரிந்து, புயலில் மாட்டியதில் தெரியாவிட்டால், அப்போது எறியலாம்.